நல்ல வெள்ளைப் பீங்கான்

என் மனைவி பூ ஜாடிகளுக்குத் தொப்பி தைத்துப் போட்டாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். கதை விடுகிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. அந்தத் தொப்பிகளில் சில இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. சந்தேகம் இருக்கிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பெரிய கடை வீதியில் எனக்கு ஒரு பீங்கான் கடை இருந்தது. அத்தா வைத்துவிட்டுப் போன கடை. கப்பு, சாஸர், ஊறுகாய் ஜாடி, ரோஜாப்பூ போட்ட தட்டு, கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வாங்கிப் போகிற டீ செட் என்று வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை அதே ரோஜாப்பூவைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. தட்டு என்றால் ரோஜா, கப்பு என்றால் ரோஜா. ஜனங்கள் அதைத்தான் கேட்டார்கள், நானும் அதைத்தான் வாங்கி வைத்தேன்.

அப்போது ஊரைச் சுற்றிப் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. இயந்திரம் பூட்டிக் கொடுக்க வெளிநாட்டு இன்ஜினியர்கள் வருவார்கள். குடும்பத்தோடு கண்டோன்மென்ட் பங்களாக்களில் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு, போகும்போது கட்டில், மேஜை, விளக்கு எல்லாவற்றையும் வராந்தாவில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ஜெர்மன்காரர் வீட்டுக்கு, டின்னர் செட் ஏதாவது மலிவாகக் கிடைத்தால் கடைக்கு ஆகும் என்று போயிருந்தேன். ஒரு மூலையில், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கன்னங்கரேலென்று ஒரு ஜாடி நின்றது. உடம்பு முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடுகள். எங்கள் தொழிலில் கழுத்து சாய்ந்துவிட்டால் சூளையில் கெட்டுப்போன சரக்கு என்று ஒதுக்கிவிடுவோம். இதை வேண்டுமென்றே சாய்த்துச் செய்திருக்கிறான். சாய்ந்தும் விழாமல், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் அது நின்ற அழகு இருக்கிறதே, எனக்கு அப்படியே பிடித்துப் போய்விட்டது. டின்னர் செட்டை மறந்துவிட்டு அதைத் துண்டில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அதோடு கிறுக்கு பிடித்தது. எந்த பங்களாவில் யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று விசாரிப்பதே வேலையாகிவிட்டது. நடுவில் ஓட்டை விட்ட ஜாடி வந்தது. மரப்பட்டை மாதிரி மேலெல்லாம் சொரசொரவென்று இருந்த வெள்ளை ஜாடி வந்தது. இடுப்பு சிறுத்து வாய் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முத்திரையும் மேற்கு ஜெர்மனி என்ற எழுத்தும் இருக்கும். ஒன்றில்கூட ரோஜா கிடையாது. கண்ணாடி பீரோ ஒன்று செய்து உள் அறையில் அடுக்கினேன்.

என் மனைவி எனக்கு மாமன் மகள். சின்ன வயசுப் பழக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் என்றே கூப்பிடுவாள். ஜாடிகளைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, ஆட்சேபணையும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீடுகளில் மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்தில், பொழுது சாயும்போது, திறந்து கிடக்கிற பாத்திரத்தையெல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்லி மூடிவிடுவார்கள். வாய் திறந்த பாத்திரம் ராத்திரியில் வீட்டில் இருக்கக் கூடாது, ஷைத்தான் வந்து புகுந்துகொள்ளும் என்பார்கள். தண்ணீர்ப் பானை, பால் சட்டி, மாவு டின் எல்லாம் சரி. அவள் என் ஜாடிகளையும் அதில் சேர்த்துவிட்டாள்.

அதில்தான் ஒன்றுமே இல்லையே, எதற்கு மூட வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லாததாலதான் மச்சான் மூடணும். ஏதாவது இருந்தா அதுவே இடத்தை அடைச்சுக்குமே" என்றாள். முதலில் சாஸர்களை வைத்து மூடிப் பார்த்தாள். சாய்ந்த வாயில் சாஸர் நிற்குமா? வழுக்கி விழுந்து இரண்டு உடைந்தன. அப்புறம்தான் தையல் மிஷினில் உட்கார்ந்து, ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒவ்வொரு வாய்க்கும் அளவெடுத்துத் தொப்பி தைத்தாள். மதரஸாவுக்கு ஓதப் போகிற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி பீரோவுக்குள் என் ஜெர்மன் ஜாடிகள் தொப்பி போட்டு நின்றதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மக்ரிபுக்குத் தொப்பி ஏறியது. காலையில் நான் கழற்றுவேன், பொழுது சாயும்போது அவள் போடுவாள். இப்படி ஒரு குடித்தனம் நடந்தது.

அவளுக்கும் என்மேல் ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி அடைமழையில் உள் அறையில் ஓடு நகர்ந்து தண்ணீர் கொட்டியது. நான் பாய்ந்து ஓடி பீரோவைத் திறந்து ஒவ்வொரு ஜாடியாகக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். கடைசி ஜாடியை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் வாளியோடு நிற்கிறாள். அவள் படுக்கை, தலையணை, அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த சமக்காளம் எல்லாம் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தன. அன்று அவள் எல்லாவற்றையும் பிழிந்து கொடியில் போட்டாள், அவ்வளவுதான். ஆனால் அப்புறம், நான் பெருநாளைக்குப் புடவை எடுத்து வந்து, உன்னைவிட எனக்கு என்ன இருக்கிறது என்று கொஞ்சினால் போதும். "ஆமா, அன்னிக்கு மழையிலதான் பார்த்தோமே" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். உள்ளுக்குள் அது முள்ளாகத் தைத்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஜாடிக்கு அடுத்த இடம்தான் தனக்கு என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. எத்தனை புடவை எடுத்தாலும் அதை என்னால் எடுக்க முடியவில்லை.

இந்தக் கிறுக்கு ஊரில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கண்டோன்மென்டில் ஒரு ஜெர்மன் அம்மா சாமான் விற்கிறாள் என்று போனேன். மேஜைமேல் ஒரு வெள்ளை ஜாடி. கோழி முட்டையை நீட்டினாற்போல் உடம்பு, சாய்ந்த சின்ன வாய். உள்ளே பளபளப்பு, வெளியே பளபளப்புப் பூச்சே கிடையாது, கல் உப்பைத் தொட்டாற்போல் இருந்தது. நான் கை வைத்த அதே நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கையும் அதன்மேல் விழுந்தது. பார்த்தால் குடுமியும் திருமண்ணுமாக ஒருவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் என்ன பூ வைப்பீர்கள் என்று இரண்டு பேரையும் இங்கிலீஷில் கேட்டாள். மாஸ்டர் உள்ளதைச் சொன்னார்: எங்கள் வீட்டில் பூ பெருமாளுக்கு, அப்புறம் பெண்கள் தலைக்கு, ஜாடியில் வைக்கிற வழக்கம் இல்லை, இதைச் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வியாபாரி. ரோஜா வைப்பேன் என்றேன். ஜாடி எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஆசையாகத்தான் பூ வாங்கினேன். ஆனால் எங்கள் ஊர்ப் பூவெல்லாம் முழம் போட்டுக் கட்டிய பூ. மல்லிகைச் சரத்தை ஜாடிக்குள் விட்டால் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அதிலிருந்து மாஸ்டரும் நானும் சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமை காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் அவர் வருவார், அல்லது நான் போவேன். அவர் வீட்டு ஆசாரத்தில் பீங்கானுக்கு வாசல் அறையோடு சரி, அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. நானும் அப்படித்தான். ஆகவே அவருடைய ஜாடிகளும் நானும் அந்த அறையில் சௌகரியமாக உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து மணக்க மணக்கக் காபி வரும். ஆனால் மனுஷர் அந்த முட்டை ஜாடியை மறக்கவே இல்லை. "என்ன பாய், ரோஜா வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் என் வீட்டுப் படி ஏறுவார். தம்முடையதில் நல்லதாக இரண்டு தருகிறேன், மூன்று தருகிறேன் என்று உயிரை வாங்குவார். நான் அசைந்து கொடுக்கவில்லை. அந்த ஜாடியை யாரும் தொடக்கூட விடமாட்டேன். பூச்சு இல்லாத பீங்கானில் வியர்வைக் கை பட்டால்கூடக் கறை நின்றுவிடும், என்ன தேய்த்தாலும் போகாது. தொப்பி போடும்போதுகூட, கழுத்தைத் தொடாமல் போடு என்று மனைவியைக் கத்துவேன். அவள் துணி நுனியைப் பிடித்துக்கொண்டு போடுவாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் அவளுக்கு டைபாய்டு வந்தது. காற்று வரட்டும் என்று கட்டிலைப் பக்கத்து அறையில் போட்டோம், படுத்தபடியே கதவு வழியாக பீரோ தெரியும். டாக்டர் வந்தார், விலை உயர்ந்த மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து, பிறகு இறங்கவே மறந்துவிட்டது. பாலக்கரையிலிருந்து அவள் அம்மா, என் மாமி, வந்துவிட்டார். கடையைச் சாத்திவிட்டு நானும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிதற்றலுக்கு நடுவிலும் பொழுது சாய்ந்தால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "மூடிட்டீங்களா?" என்பாள். நான் எழுந்து போய் ஒவ்வொரு ஜாடிக்கும் தொப்பி போட்டு, அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாக பிஸ்மில்லாஹ் சொல்வேன். அதைக் கேட்டால்தான் கண்ணை மூடுவாள்.

ஒருநாள் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பையை மூடிக்கொண்டே சொன்னார். மாமி உடனே பள்ளிவாசலில் ஓதிக் கொடுக்கிற லெப்பையை அழைத்துவரச் சொன்னார். எங்களில் நோய் முற்றினால் பீங்கான் எழுதிக் கொடுப்பது உண்டு. வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூவைப் பன்னீரில் கரைத்து மறை வசனத்தை எழுதுவார்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றி எழுத்தைக் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். இதெல்லாம் கூடாது என்று இப்போது வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதாடட்டும். அன்று என் இடத்தில் அவர்கள் இல்லை.

லெப்பை வந்தார். நல்ல வெள்ளைப் பீங்கானாக ஒன்று கொண்டுவரச் சொன்னார். மாமி அடுப்படிக்குப் போய் ரோஜாப்பூ ஓரம் போட்ட தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். என் கடைத் தட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"அது பீங்கான் இல்லை மாமி" என்றேன்.

மாமி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பீங்கான் என்று சொல்லி ஊருக்கெல்லாம் அதை விற்கிறவனே நான்தானே. ஆனால் அது வெறும் களிமண், மேலே வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியாது. நிஜப் பீங்கானில் தெரியும். என் பொண்டாட்டி உயிருக்காக அல்லாஹ்வின் வசனத்தை எழுதப் போகிறார்கள், அதற்குப் போய்ப் போலிச் சரக்கையா கொடுப்பது? கட்டிலில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள், நான் நின்றுகொண்டு சரக்கின் தரம் பார்க்கிறேன். என் புத்தி அப்படி. போய் பீரோவைத் திறந்து அந்த முட்டை ஜாடியை எடுத்து வந்தேன். திருச்சியில் அதைவிட நல்ல வெள்ளைப் பீங்கான் இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் எழுதினால் கறை போகாது என்றும் தெரியும். போகட்டும் என்று லெப்பை கையில் கொடுத்தேன்.

லெப்பை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டார். பிறகு மடியில் துணி விரித்து அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வயிற்றைச் சுற்றி நாணல் பேனாவால் எழுதினார். வெள்ளையில் குங்குமப்பூ நிறம் அப்படி எடுப்பாக இருந்தது. நான் ஜாடியைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டேன், மாமி தண்ணீர் ஊற்றினார். எழுத்து அப்படியே நின்றது. இன்னொரு தரம் ஊற்றினார். மெதுவாக, ஓதிக்கொண்டே ஊற்றினார். கிண்ணத்தில் தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, ஒரு பொட்டு மஞ்சள்கூட இறங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறை போகாது என்று தெரிந்தவனுக்கு, போகாத கறை தண்ணீரில் எப்படி இறங்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை. அந்தக் களிமண் தட்டாக இருந்தால் ஒரே ஊற்றில் எழுத்து கரைந்து வந்திருக்கும். பீங்கான் கடைக்காரன் வீட்டில் நடக்கிற கூத்தா இது? "எழுத்து எறங்க மாட்டேங்குதே, எம் பொண்ணுக்கு எறங்க மாட்டேங்குதே" என்று மாமி அழ ஆரம்பித்துவிட்டார். ஜாடி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. தட்டிலேயே எழுதிவிடுங்கள் என்று லெப்பையைக் கெஞ்சினேன்.

அவர் ஜாடியை என் கையிலிருந்து வாங்கித் துணிமேல் வைத்தார். "பதறாதீங்க. எழுத்தைத் தொட்டுத்தானே தண்ணி வந்திருக்கு. குடுங்க" என்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் தலையைத் தூக்கிப் பிடித்து, காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். நான் ஸ்பூனால் ஊட்டினேன். கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

இரண்டு நாளும் தாண்டியது. காய்ச்சல் இறங்கியது. மாத்திரை வேலை செய்தது என்றார் டாக்டர். எழுதிய தண்ணீர்தான் என்றார் மாமி. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இல்லை. அவள் கஞ்சி வேண்டும் என்று கேட்ட அன்று நான் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அதைச் சொன்னேன்.

ஜாடியில் எழுத்து போகவில்லை. வசனம் இருக்கிற பொருளாயிற்றே, கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது என்று மாமி அதைத் தலைக்கு மேலே, பீரோவின் உச்சித் தட்டில் ஏற்றிவிட்டார். தொடுவதானால் தொழுகைக்குச் செய்கிற மாதிரி கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த என் ஜாடியைத் தொட இப்போது நானே குழாயடிக்குப் போய்வர வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே மாஸ்டர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு உடம்பு விசாரிக்க வந்தார். உள் அறைக்கு வந்ததும் அவர் பார்வை பீரோவுக்குப் போய்விட்டது. ஜாடி இடம் மாறியிருப்பதையும் அதன் வயிற்றில் எழுத்து இருப்பதையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஒளு விஷயத்தையும் சொன்னேன். மனுஷர் எழுந்து குழாயடிக்குப் போனார். கை கால் அலம்பி, வாய் கொப்பளித்து, அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து பீரோவுக்கு முன்னால் நின்றார். தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாய், இத்தனை நாள் இதை உங்ககிட்ட கேட்டுண்டே இருந்தேன். இனிமே கேக்கமாட்டேன்" என்றார்.

அன்று ரோஜாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாத்துக்குடியை மாமியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

பக்கத்து அறையில் படுத்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மாஸ்டர் போனதும் என்னைக் கூப்பிட்டாள். கட்டிலில் போய் உட்கார்ந்தேன். கை குச்சியாக இளைத்திருந்தது.

"தண்ணி வெறும் தண்ணியாத்தான் இருந்துச்சு மச்சான். குங்குமப்பூ வாசனைகூட இல்லை. எனக்குக் குடிக்கும்போதே தெரியும்" என்றாள்.

பூச்சு இருந்தால் எழுத்து கரையும், பூச்சு இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று நான் அவளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்த ஜாடின்னு அம்மா காதுல சொன்னாங்க. அதைப் போய் எழுதக் குடுத்துட்டாருடி உன் வீட்டுக்காரருன்னாங்க. அப்பதான் பொழைச்சுக்கணும்னு எனக்குத் தோணுச்சு."

நல்லவேளை, பாங்கு சொல்லிவிட்டார்கள். எழுந்துபோய் ஒளு செய்துவிட்டு வந்து ஜாடிகளுக்குத் தொப்பி போட்டேன். மேல்தட்டு ஜாடிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கும் போடச் சொல்லித் தலையசைத்தாள். பழைய பழக்கத்தில், துணி நுனியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் தொடாமல் போட்டேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அந்த வருஷமும் ஐப்பசியில் அடைமழை பெய்தது. அதே இடத்தில் ஓடு ஒழுகியது. நான் கட்டிலை இழுத்தேன், அவள் வாளியை வைத்தாள். பழைய மழையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் எப்போதும் சொல்லவில்லை.